ஸ்டேஷன் தளிகை

திருவல்லிக்கேணி
12-11-1998

சௌபாக்கியவதி ஸுபத்ராவுக்கு,

வாசல்வரை வந்து வழியனுப்பாத மனைவிக்கு ஆறு வாரம் கழித்துக் கடிதம் போடுகிற புருஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உனக்குக் கோபம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு விஷயத்தை எழுதுகிறேன்.

தாமல் ஊர்க்காரர் அப்பாதுரை சொன்னது பொய்யில்லை. பறக்கும் ரயில் ஸ்டேஷனில் அவர் பேரில் ஒரு கடை இருக்கிறது; கீழே அடுப்பு மூட்டித் தளிகை பண்ண ஓர் அறையும் இருக்கிறது. கட்சிக்காரர் என்றாலும் சொன்ன சொல் மாறவில்லை. ஒரு வருஷத்துக்குக் கடை என் பொறுப்பு. அவருக்கு ரத்தக்கொதிப்பு, டாக்டர் உப்பையே நிறுத்திவிட்டார். அதனால் வாரம் ஒருமுறை வந்து, ஒன்றையும் வாயில் வைக்காமல், "கோயில் இட்லின்னா சும்மாவா, நடத்துபா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். எனக்குப் படுக்கையும் சாப்பாடும் இங்கே வரத் மாமா வீட்டில்.

ஸ்டேஷன் கால்வாய்மேல் தூண் தூணாக நிற்கிறது. ஊரே அண்ணாந்து பார்க்கிற உயரம். டிக்கெட் கொடுக்கும் கூடம் நம் கோயில் மண்டபத்தைவிடப் பெரிது, ஆள்தான் இல்லை. கிழக்குப் படியில் இறங்கினால் மீனவர் குப்பம். மேற்குப் படியில் இறங்கினால் அடுக்கு மாடி வீடுகள், ஒரு கல்லூரி, தெருவுக்கு இரண்டு டாக்டர். முன்பெல்லாம் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகப் பாலத்தைச் சுற்ற வேண்டுமாம். இப்போது ஒரு படியில் ஏறி மறு படியில் இறங்கிவிடுகிறார்கள். ரயிலில் போகிறவர்களைவிட இப்படி நடக்கிறவர்கள் அதிகம். யாரானாலும் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

காலையில் குடலை இட்லி, பொங்கல். பதினொரு மணிக்குப் புளியோதரை, தயிர்சாதம். எல்லாம் கோயில் அளவு. ஒரு படி அரிசிக்கு ஒரு கை உப்பு, அதன்மேல் ஒரு கிள்ளு. இருபத்திரண்டு வருஷம் வாயில் துணி கட்டிக்கொண்டு, ருசி பார்க்காமல், இந்தக் கையை நம்பியே பெருமாளுக்குத் தளிகை பண்ணினவன் நான். அந்தக் கையைத்தான் ஸ்ரீவர்தன் அண்ணா மடப்பள்ளியில் நாலு பேர் எதிரில், "புளி தூக்கல். உனக்கு அளவு போயிடுத்து" என்றார். அவருக்கு இங்கிருந்து பதில் சொல்லுவேன்.

ஜாஹ்னவிக்கு ஆசீர்வாதம். பரீட்சை முடிந்ததும் நீங்கள் இருவரும் இங்கே வந்துவிட வேண்டும். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முரளீதரன்


சின்ன காஞ்சிபுரம்
24-11-1998

நமஸ்காரம்.

ஆறு வாரம் இல்லை. ஏழு வாரம், இரண்டு நாள். கணக்கு டீச்சரிடம் கணக்கைத் தப்பாக எழுதக்கூடாது.

வீடு பார்க்க வேண்டாம். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகி ஒன்பது மாதம்தான் ஆகிறது. ஜாஹ்னவி அடுத்த வருஷம் பத்தாவது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோபத்தில் போனவர் கோபம் தீர்ந்ததும் வருவார் என்று நினைத்தேன். வீடு பார்ப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை உங்கள் அண்ணா வந்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. உங்களுக்கு எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சித்திரை முடியற வரைக்கும் மடப்பள்ளியில அவன் முறையை நானே பார்த்துக்கறேன். வைகாசி உத்ஸவத்துக்கு அவன் வரலேன்னா முறை எங்காத்துக்கு வந்துடும். எழுத்துல வாங்கிண்டுடுவேன்." காபி கொடுத்து அனுப்பினேன்.

உங்கள் தாத்தா காலத்திலிருந்து வருகிற முறை. உங்கள் இஷ்டம்.

ஸுபத்ரா


திருவல்லிக்கேணி
20-12-1998

ஸுபத்ராவுக்கு,

என் இஷ்டம் என்று எழுதிவிட்டாய். உன் இஷ்டம் என்ன என்று ஒரு வரி எழுதியிருந்தால் கை தேய்ந்திருக்காது.

மார்கழி பிறந்ததும் கூட்டம் வந்தது. மேற்குப் படிக்காரர்கள் பொங்கல் என்றால் டிபன் டப்பாவோடு வருகிறார்கள். வந்தவர்கள் மறுபடி வருவதில்லை என்பதுதான் புரியாத விஷயம். புது முகம் தினமும் இருக்கிறது, பழைய முகம் இல்லை. பெரிய ஊரில் ஜனங்கள் ஓர் இடத்தில் நிலையாக இருப்பதில்லை என்று நினைக்கிறேன்.

கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. பொன்னியம்மாள் என்று ஒரு மீன்காரி. துறைமுகத்திலிருந்து கூடையோடு முதல் ரயிலில் வந்து இறங்குவாள். தினமும் ஆறு இட்லி. கூடையைக் கடைக்கு எட்டவே இறக்கி வைத்து, இலையை எட்டி வாங்கிக்கொள்வாள். நான் சொல்லவில்லை, அவளாகவே. "ஐயரே, உன் இட்லி துன்னா ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாத்தான் அடங்குது. மத்தியானம் வரிக்கும் பசியே இல்ல" என்றாள். நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று இரண்டு நாள் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

இந்த ஊர் ஜனங்கள் குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மார்கழிக் குளிரிலும் ஒரு தட்டுக்கு இரண்டு டம்ளர். குடிதண்ணீர்ப் பானையை நாலு தடவை நிரப்புகிறேன். அது லாரித் தண்ணீர், வாளிக்கு வாளி சண்டை. நல்லவேளை, தளிகைக்கும் பாத்திரம் கழுவவும் ஸ்டேஷன் போர்வெல் தண்ணீர் தாராளமாக வருகிறது.

அண்ணாவிடம் சொல். எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

முரளீதரன்


சின்ன காஞ்சிபுரம்
27-1-1999

நமஸ்காரம்.

உங்கள் அண்ணாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரை முடிய நாள் இருக்கிறது.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. ஜாஹ்னவி அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்று மூன்று. ஏழு மார்க் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, அப்பாவைத் தேடிக்கொண்டு போயிற்று என்கிறாள். அடிக்கக் கை வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் பண்ணுகிற இட்லியை நீங்கள் சாப்பிடுவதுண்டா? இல்லை, மாமி கட்டிக்கொடுப்பதுதானா? சும்மாதான் கேட்கிறேன். நாற்பத்தெட்டுப் படி ஏறி இறங்குகிறவருக்கு வயிறு காயக்கூடாது.

ஸுபத்ரா


திருவல்லிக்கேணி
9-2-1999

ஸுபத்ராவுக்கு,

படிக்கட்டு நாற்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதம் வந்தபிறகு எண்ணிப் பார்த்தேன், சரியாக நாற்பத்தெட்டுதான். நான் எப்போது உனக்கு எழுதினேன்?

நீ கேட்டதற்குப் பதில். சாப்பிடுவதில்லை. மாமி கட்டிக்கொடுக்கிற தயிர்சாதம்தான், குடிக்கவும் அவர்கள் வீட்டுத் தீர்த்தம்தான். பெருமாள் கண்டருளாததை நான் எப்படி வாயில் வைப்பேன்? ஸ்டேஷன் தண்ணீரில், ரயில் ஓடுகிற இடத்துக்கு அடியில் பண்ணுவதை அவருக்குக் காட்டவும் மனசு வரவில்லை. இது விற்பதற்கு. அது வேறு, இது வேறு.

மேற்குப் படிக்காரர்கள் அநேகமாக நின்றுவிட்டார்கள். எதிர்ப்பக்கம் ஒரு பிஸ்கட் கடை வந்திருக்கிறது. கோயில் தளிகையை விட்டுவிட்டு பிஸ்கட்டைத் தின்கிறார்கள். சென்ற வாரம் பாதிப் பொங்கலைக் கால்வாய் ஓரத்து மாடுகளுக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. இன்னொன்று சாப்பிட்டது.

அண்ணா சிரிப்பது இங்கேவரை கேட்கிறது.

முரளீதரன்


சின்ன காஞ்சிபுரம்
3-3-1999

நமஸ்காரம்.

படிக்கட்டு எத்தனை என்று அப்பாதுரை ஜாஹ்னவியிடம் சொன்னாராம். அதை விடுங்கள்.

உங்கள் அண்ணா சிரிக்கவில்லை. போன ஏகாதசியன்று முறையை அவர் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நம் வாசல் வழியாகப் போனார். அவருக்கும் வயது ஐம்பத்தெட்டு.

முடியவில்லை என்றால் வந்துவிடுங்கள். தோற்றுப்போனீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் நான்கு நாள்.

பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தம் நடக்கிறது. விளக்கமாக எழுத நேரமில்லை.

ஸுபத்ரா


திருவல்லிக்கேணி
2-4-1999

ஸுபத்ராவுக்கு,

இந்தக் கவரில் இன்னொரு கடிதம் இருக்கிறது. ஸ்ரீவர்தன் அண்ணாவிடம் உன் கையால் கொடுத்துவிடு. நான் வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். சித்திரை பிறந்ததும் அப்பாதுரையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மேற்குப் பக்கத்து டாக்டர் ஒருவர் புளியோதரை வாங்கினார். ஒரு வாய் வைத்தார், இலையை அப்படியே மடித்தார், கை கழுவினார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை" என்று போய்விட்டார். நல்ல மனிதர், திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணா சொன்னது சரி. என் கைக்கு என்னமோ ஆகிவிட்டது. எப்போதிலிருந்து என்று யோசிக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை நாள் பெருமாளுக்கு என்ன பண்ணிப் போட்டேனோ, அவர் வாய் திறந்து சொல்லவா போகிறார்? நேற்று அளந்த அரிசியைக் கொட்டி மறுபடி மறுபடி அளந்தேன். இதற்கு முன் இரண்டாம் தடவை அளந்ததில்லை.

அதனால் அடுப்புப் பக்கம் இனி வர மாட்டேன் என்று அண்ணாவுக்கு எழுதியிருக்கிறேன். முறை என் பேரிலேயே இருக்கட்டும். தளிகையை அவர் பிள்ளைகள் பண்ணட்டும். விறகு பிளக்கவும் கிணற்றில் தண்ணீர் சேந்தவும் என்னை விட்டால் போதும்.

நீ கேட்டபடியே வருகிறேன். உனக்கு இனிக் குறை இருக்காது.

முரளீதரன்


சின்ன காஞ்சிபுரம்
8-4-1999

நமஸ்காரம்.

உங்கள் கவர் திங்கட்கிழமை வந்தது. உங்கள் அண்ணா வீடு நாலாவது வீடு. மூன்று நாளாக அந்தக் கடிதம் அலமாரியில் இருக்கிறது. இதோடு திருப்பி அனுப்புகிறேன். கடைசிவரை படித்துவிட்டு நீங்களே தபாலில் போடுவதானால் போடுங்கள்.

ஜனவரி இருபத்து மூன்று, சனிக்கிழமை, எங்கள் பள்ளிக்கூடத்து காந்தா டீச்சரோடு சென்னைக்கு வந்தேன். அவள் தங்கைக்குக் கல்யாணப் புடவை கொடுக்க வேண்டியிருந்தது. பாரிமுனையில் இறங்கி, கடற்கரை ஸ்டேஷனுக்கு நடந்து, பறக்கும் ரயில் ஏறி உங்கள் ஸ்டேஷனில் இறங்கினோம். பெட்டியில் எங்களைத் தவிர மூன்று பேர். கூடத்துக்கு வந்ததும் கடையில் நீங்கள் நிற்பது தெரிந்தது. சண்டை போட்டு அனுப்பிய மனுஷரிடம் என்ன பேசுவது? மேற்குப் படியிலிருந்து மூன்றாவது தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு காந்தாவை அனுப்பினேன். நான்கு இட்லி வாங்கி வந்தாள். மேற்குப் படியில் இறங்கிப் போய், சுவரோரமாக நின்று சாப்பிட்டோம். படிகளை அப்போதுதான் எண்ணினேன்.

இட்லி உப்புக் கரித்தது. காந்தா ஒரு விள்ளலோடு வைத்துவிட்டாள். நான் முழுதும் சாப்பிட்டேன். அடியில் இருந்த குழாயில் கை கழுவி, வாயில் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீரில் பாதி. தளிகைக்கும் ஸ்டேஷன் போர்வெல் தண்ணீர்தான் என்று மார்கழியில் நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. உங்கள் கை அளவு சரியாகவே இருக்கிறது. நம் ஊர்க் கிணற்று நீருக்கு அந்த அளவு. அங்கே தண்ணீரிலேயே பாதி உப்பு இருக்கிறது, அதன்மேல் நீங்கள் படிக்கு ஒரு கையும் ஒரு கிள்ளும் போடுகிறீர்கள். வேறு எந்தச் சமையல்காரனாக இருந்தாலும் முதல் நாளே நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பான்.

அதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாம். நாற்பத்தெட்டுப் படிதான். ஊருக்கு வந்து நீங்கள் ருசி பார்ப்பதுண்டா என்று எழுதிக் கேட்டேன். இல்லை என்று பதில் வந்தது. அப்போது தெரிந்துவிட்டது, நான் சொன்னாலொழிய உங்களுக்குத் தெரியப்போவதில்லை என்று. சொல்லாமல் இருந்தால் கடை நொடிக்கும், சித்திரைக்குள் வந்துவிடுவீர்கள். கணக்கு சரியாகவே வந்தது.

நீங்கள் தோற்றுப்போய் வந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன். கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டு, விறகு பிளக்க வருவீர்கள் என்று நினைக்கவில்லை. அப்படி வருகிறவரை வைத்துக்கொண்டு நான் எப்படி இந்த வீட்டில் இருப்பேன்?

வேலையும் ஜாஹ்னவி படிப்பும் நான் சொன்ன காரணங்கள். பொய்யில்லை, ஆனால் அது மட்டுமில்லை. எனக்கு நீங்கள் இல்லாமல் முடியவில்லை. அதை எழுத வெட்கமாக இருந்தது. உப்பைச் சொல்லாமல் விடுவது சுலபமாக இருந்தது.

இனி நீங்கள் என்ன எழுதினாலும் எனக்கு வேண்டியதுதான்.

ஸுபத்ரா


திருவல்லிக்கேணி
21-4-1999

ஸுபத்ராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் மாமி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். அவள் ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உன்மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. இரண்டரை மாதம், ஸுபத்ரா. மாட்டுக்கு வைத்த பொங்கலைப் பற்றி எழுதினேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நாலாம் நாள் இட்லி எடுத்ததும், பெருமாள் படத்தை அறையில் மாட்டி, இலை போட்டுக் கண்டருளப் பண்ணினேன். பிறகு பிரசாதமாக ஒரு விள்ளல் வாயில் வைத்தேன். துப்பக்கூடாதே என்று விழுங்கினேன்.

கோபம் அந்த இடத்தில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இந்தத் தண்ணீர் பெருமாளுக்கு ஆகாது என்று முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்கிறது. உனக்கு எழுதியும் இருக்கிறேன். ஜனங்களுக்கு மட்டும் ஆகும் என்று எப்படி நினைத்தேன்? அவருக்குக் காட்டக் கூசியதை ஆறரை மாதமாக ஊருக்கெல்லாம் போட்டுக்கொண்டிருந்தவன் நான்தான். நீ மறைத்ததோ இரண்டரை மாதம்தான்.

இப்போது தளிகைக்கும் லாரித் தண்ணீர். தினமும் முதல் இலை படத்துக்கு, அடுத்த விள்ளல் எனக்கு. அரிசியை ஒரு தடவைதான் அளக்கிறேன். அந்த டாக்டரைப் படியிலேயே மறித்து, கையில் பொங்கலைத் திணித்தேன். மறுநாள் டப்பாவோடு வந்தார். பொன்னியம்மாளுக்குத்தான் பிடிக்கவில்லை.

"இன்னா ஐயரே, இட்லில உப்பே இல்ல?" என்றாள்.

இத்தனை நாள் கரித்ததே, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கோயில்ல சாமிக்கு ஆக்கிப்போட்ட கைன்னு தாமல்காரரு சொன்னாரு. அதுல போயி நான் இன்னா குறை சொல்றது? சாமிக்கே இப்டித்தான் போல இருக்குதுன்னு துன்னுக்கினு இருந்தேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவளுக்காகக் கடையில் ஓர் உப்புக் கிண்ணம் வைத்திருக்கிறேன். எங்கள் வம்சத்தில் தளிகைக்காரன் தன் எதிரில் உப்புக் கிண்ணம் வைப்பது இதுதான் முதல் தடவை. கூடையை எட்ட வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

அண்ணாவுக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். வேறு எழுதி அவர் பேருக்கே தபாலில் போட்டிருக்கிறேன். வைகாசி உத்ஸவம் பத்து நாளும் கடையைப் பூட்டிவிட்டு வருவேன். அடுப்பு முன்னால்தான் நிற்பேன். அப்பாதுரைக்கு ஒரு வருஷம் என்று சொன்ன சொல் புரட்டாசியோடு முடிகிறது. அதற்கப்புறம் எங்கே இருப்பது என்பதை நான் ஒருவனாக முடிவு பண்ணப்போவதில்லை.

நான் இல்லாமல் முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நீ இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை ஜனவரியிலேயே எழுதியிருந்தால், கடை ஓகோ என்று ஓடிக்கொண்டிருந்தாலும் மறு பஸ்ஸில் வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாஹ்னவியை அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வா. நேற்று மத்தியானம் பொன்னியம்மாளைக் கடைக்கு முன்னால் மேற்குப் படியைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு, நீ எழுதியிருந்த மூன்றாவது தூணுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து கடையில் நிற்கிறவர் முகம் நன்றாகத் தெரிகிறது. வியர்வைகூடத் தெரிகிறது. இவ்வளவு பார்த்துவிட்டு எப்படிப் போனாயோ. இந்தத் தடவை அங்கே நிற்க வேண்டாம், நேரே கடைக்கு வா.

முரளீதரன்